அக்கா ஓட்டியிருக்க வேண்டிய முதல் சுற்று

எங்கள் அன்பு அக்கா ஆண்டவரில் துயில்கொண்டு ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஆன்மாவுக்காக நடந்த திருப்பலியில் பங்கேற்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் அவருடைய தம்பி என்ற முறையில் வணங்குகிறேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எங்கள் பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் அவரைப் பெரியண்ணன் என்போம். "எல்லாத்தயும் எழுதுடா. படிச்சது, வேலைக்குப் போனது, உங்கள ஆளாக்கினது, எல்லாம் எழுது. அந்தக் காரு விசயம் மட்டும் வேணாம். போய்ச் சேந்தவங்களுக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு?" என்றார். அவர் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். காரை எடுத்துவிட்டால் அக்காவின் கடைசி ஆண்டுகளில் மாத்திரைகளும் ஊசிகளும்தான் மிஞ்சின. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சாந்தோம் கடற்கரையை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில். அம்மா நொச்சிக்குப்பத்து ஓரமாக மீன் விற்றார். அப்பா, கரைக்கு வந்த மீனைச் சைதாப்பேட்டைக்கும் தியாகராய நகருக்கும் ஏற்றிச் செல்லும் ஒரு கிழட்டு பெட்ரோல் வேனை ஓட்டினார். உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் அரித்துத் தின்ற வண்டி அது. வாரத்துக்கு ஒருமுறையாவது நடுரோட்டில் நின்றுவிடும். அப்பா கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அக்கா, ஒருநாள் அப்பா தூங்கும்போது அதைத் தானே கழற்றிச் சாக்கின் மேல் பரப்பி வைத்தார். அம்மா மீன்கூடையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாடி இது! பொம்பளப் புள்ள வண்டிய பிரிச்சிப் போட்டுக்கினு கீற? உங்க நைனா எய்ந்தா தோல உரிச்சிடுவாரு!"

அப்பா எழுந்தார். தோலை உரிக்கவில்லை. "மறுபடி மாட்டு பாக்கலாம்" என்றார். அக்கா மாட்டினார். வேன் கிளம்பியது. அன்றிலிருந்து வேன் நின்றால் வீட்டுக்கு ஆள் வரும். அக்கா ஸ்பேனரோடு போவார்.

நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா மாரடைப்பில் காலமானார். அப்போது அக்கா பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் பெண் அவர். வகுப்பிலும் அவர் ஒருவர்தான் பெண். படிப்பு முடிந்ததும் அம்பத்தூர்ப் பக்கம் எஞ்சின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். சோதனைப் பிரிவு கேட்டார். வரைபடப் பிரிவு கொடுத்தார்கள். "எஞ்சின் ஓடுற எடத்துல லேடீஸ் எதுக்கு?" என்று மேலாளர் கேட்டாராம். விடாமல் கேட்டுக் கேட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சோதனைப் பிரிவுக்குப் போனார், பிறகு அதற்கே தலைமை ஏற்றார். ஓய்வு பெறும்வரை ஓடுகிற எஞ்சின்களின் நடுவில்தான் இருந்தார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்கவைத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், மந்தைவெளியில் எங்களுக்கென்று ஒரு வீடு கட்டினார். "ஏன் இன்னும் கல்யாணம் ஆகல?" என்று ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கேட்டவர்களில் சிலர் இந்த மலரையும் வாங்கியிருப்பார்கள். அக்காவின் கையிலிருந்த பலகாரத் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டபடியே கேட்டார்கள்.

அக்காவுக்குத் தனக்கென்று ஓர் ஆசை இருந்ததை நான் மட்டுமே அறிவேன். கல்லூரி நாட்களில் தோழிகளோடு சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்கப் போனார். திரும்பி வந்து, வெறும் சட்டம் போன்ற ஒற்றை இருக்கைக் கார்கள் பழைய விமான ஓடுதளத்தில் எப்படிச் சீறின என்று என்னிடம் வாயாலேயே ஒலி எழுப்பிக் காட்டினார். "ஒரே ஒரு தபா அதுல ஒக்காந்து ஓட்டணும்டா" என்றார். சொன்னதோடு சரி. பிறகு வீட்டுப் பாரம் அவர் தலையில் இறங்கியது.

அந்தக் கார் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது பெரியண்ணன் வழியாகத்தான். அவர் மேலாளராக வேலை பார்த்த நிறுவனத்தின் முதலாளிக்கு அடையாறில் மரங்கள் சூழ்ந்த பெரிய வீடு. முதலாளியின் பெயரை எங்கள் அக்காவின் மலரில் அச்சிட எனக்கு மனம் வரவில்லை. அடையாறு வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். அவருடைய தகப்பனார் இளமையில் ஓட்டிய பந்தயக் கார் ஒன்று வீட்டின் பின்புறக் கொட்டகையில் கிடந்தது. பழைய கார்கள் வைத்திருப்பவர்களின் வட்டத்தில் அவருக்கும் தலைநிமிர்ந்து நிற்க ஆசை வந்தது. பெரிய பட்டறைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, எஞ்சினை மாற்றிவிடச் சொல்லிவிட்டுப் போயின. பெரியண்ணன், "எங்க குடும்பத்துல ஒரு எஞ்சினியர் கீறாங்க" என்று அக்காவை அழைத்துச் சென்றார்.

நானும் அன்று கூடப் போயிருந்தேன். அலுமினியத் தகட்டு உடம்பு நசுங்கியிருந்தது. இருக்கையில் எலி கூடு கட்டியிருந்தது. அக்கா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றார். பந்தயத்துக்கென்றே இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டறை கையால் செய்த எஞ்சின் அது. அந்தப் பட்டறை மூடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. அங்கே உருவானவையே சொற்பம். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை அதிலும் சொற்பம் என்றார். சாதாரணக் கார் எஞ்சினில் வால்வுகளைத் திறக்க ஒரு தண்டு இருக்கும் இடத்தில் இதற்கு இரண்டு தண்டுகள், 'ஹெட்' என்கிற தலைப்பகுதி முழுக்க அலுமினியம் என்று எனக்கு விளக்கினார். விளக்கும்போதே கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

"இதை வெளியே எடுத்தா பாவம். இதையே ஓடவைக்கலாம். நான் செய்யறேன்" என்றார் வீட்டுக்காரரிடம்.

"உங்களுக்கு என்ன தரணும் மேடம்?"

"ஒண்ணும் வேணாம். கார் ரெடியானதும் டிராக்ல முதல் சுற்று நான் ஓட்டணும்."

வீட்டுக்காரர் சிரித்தார். "அவ்வளவுதானா? கண்டிப்பா நீங்கதான் மேடம் ஓட்டணும். வேற யாரு?" என்றார். பெரியண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். இதை நான் காதால் கேட்டேன்.

அதன் பிறகு வந்த சனி, ஞாயிறுகள் எல்லாம் அந்தக் கொட்டகையில் கழிந்தன. ஓய்வு பெற்றபின் தினமும் போனார். துருப்பிடித்து இறுகிப்போன பிஸ்டன்களை அசைக்கவே மாதக்கணக்கில் எண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். அலுமினியத் தலையில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைப் பற்றவைக்க ஆள் தேடி கிண்டித் தொழிற்பேட்டை முழுக்க அலைந்தார். பிஸ்டன்களுக்குத் தானே அளவெடுத்து வரைபடம் போட்டுக் கோயம்புத்தூரில் செய்து வாங்கினார். முதலில் வந்தவை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தவையும் திரும்பிப் போயின. என் மனைவி, "அக்கா, ஒரு நாளாவது வீட்டுல ரெஸ்ட் எடுங்களேன்" என்பாள். "ரெஸ்டு எடுக்கத்தான் அங்க போறேன்" என்பார் அக்கா.

உடம்புத் தகடுகளைத் தட்டி நிமிர்த்தியவர் ராயப்பேட்டை யூசுப் பாய். டிங்கர் வேலையில் அவருக்கு நல்ல பெயர். இருவரும் ஒரே கொட்டகையில் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பாய் தட்டுகிற சத்தத்தில் எஞ்சின் வேலை கெடுகிறது என்று அக்கா திட்டுவார். அக்கா திட்டி முடிப்பதற்குள் பாய் தேநீர் வாங்கி வந்து நடுவில் வைப்பார்.

அந்தக் காரின் முகப்பில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் வட்டமான ஒரு மீட்டர் இருந்தது. அதில் இரண்டு முட்கள். ஒன்று எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். இரண்டாவது முள் முதல் முள்ளோடு ஏறும், இறங்காது. ஓட்டுநர் எஞ்சினை அதிகபட்சம் எதுவரை விரட்டினாரோ அங்கேயே நிற்கும். மீட்டரின் பின்புறத் திருகைக் கையால் திருப்பினால்தான் அது பூஜ்யத்துக்கு வரும். ஓட்டியவன் பொய் சொல்லாமல் இருப்பதற்காக அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் இதை வைப்பார்களாம். அக்கா அதையும் பிரித்துச் சுத்தம் செய்து சரியாக்கினார்.

ஒரு காலைப் பொழுதில் எஞ்சின் முதன்முறையாக உயிர்பெற்றது. அடையாறின் அந்த அமைதியான தெருவில் வீடு வீடாகக் கதவு திறந்தது. ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்தார். முகமெல்லாம் எண்ணெய். நான் பார்த்ததிலேயே அக்கா அழகாக இருந்தது அன்றுதான்.

பிறகு அந்த நாள் வந்தது. நகருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தைப் பழைய கார்க்காரர்கள் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அக்கா தனக்கென ஒரு ஹெல்மெட் வாங்கியிருந்தார். காலையிலேயே போய் எஞ்சினைச் சூடேற்றிப் பார்த்து, அணைத்து, ஏதோ சரிசெய்தார். இரண்டாவது முள் அப்போதே நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டி நின்றது. எனக்குக் காட்டினார்.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரரின் மகன் வந்திருந்தான். பந்தய உடுப்பிலேயே வந்து இறங்கினான். வீட்டுக்காரர் அக்காவைத் தனியே அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கேமராக்காரங்க வந்திருக்காங்க. தாத்தாவோட கார், பேரன் ஓட்டினா நல்லா இருக்கும். முதல்ல அவன் போயிட்டு வரட்டும். அப்புறம் நீங்க எவ்வளவு வேணும்னாலும் ஓட்டுங்க."

அக்கா ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி பெரியண்ணனைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தபோது கூட நின்றவர் அவர்தானே. பெரியண்ணன், "விடும்மா, பெரிய எடத்துப் புள்ள, ஒரு ரவுண்டுதானே" என்றார்.

அக்கா அந்த மகனிடம் போனார். தன் ஏமாற்றத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "தம்பி, எஞ்சின் ஆறிப்போயிருக்கு. ஆயில் சூடாகற வரைக்கும் மெதுவா போங்க. ஆறாயிரத்துக்கு மேல ஏத்தாதீங்க. கியர் மாத்தறப்ப அவசரப்படாதீங்க" என்றார்.

"டோன்ட் வொர்ரி ஆன்ட்டி" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அவன் கிளம்பினான்.

முதல் வளைவு தாண்டியதுமே சத்தம் ஏறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னாடா பண்றான் இவன்..." என்று முணுமுணுத்தார். தூரத்து நேர்ப்பாதையின் கடைசியில் அந்தச் சத்தம் திடீரென்று ஓர் அலறலாக எழுந்தது. உயர்ந்த கியரிலிருந்து தவறிக் கீழ்க் கியருக்குத் தள்ளிவிட்டான், எஞ்சின் தாங்க முடியாத வேகத்தில் சுழன்றது. "போச்சு" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் புகை தெரிந்தது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது.

மகனுக்கு ஒரு கீறலும் இல்லை, ஆண்டவருக்கு நன்றி. காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் காரருகே போய்க் குனிந்து மீட்டரைப் பார்த்தார். இரண்டாவது முள் பூஜ்யத்தில் இருந்தது.

நிமிர்ந்து, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்த முள்ள திருப்பினது யாரு?" என்று கேட்டார்.

மகனைச் சூழ்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்தான், "என்ன மேடம், காரே போய்க் கிடக்கு, நீங்க முள்ளு கிள்ளுன்னு பேசறீங்க. அசெம்பிள் பண்ணினதுல எங்கயோ கோளாறு. நாங்க ஒண்ணும் கேக்கலையே உங்கள?" என்றார்.

"காலையிலேயே அது மூவாயிரத்துல நின்னுது சார். இப்ப பூஜ்யத்துல நிக்குது. தானா வராது."

பெரியண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரே நின்றேன், அதனால் தெரியும்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஓய்வு பெற்ற ஒரு பெண் தப்பாகப் பொருத்தியதால் எஞ்சின் வெடித்தது என்று பழைய கார்க்காரர்களின் வட்டம் முழுக்கப் பேச்சுப் பரவியது. எஞ்சினைத் தன் முன்னால் திறந்து பார்க்கும்படி அக்கா கேட்டார். தவறு தன்னுடையதென்றால் அதை அவர்கள் எதிரிலேயே ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். அக்காவின் சொந்தக் கருவிகள் உள்ளேயே இருந்தன. இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஒருநாள் பெரியண்ணன் மந்தைவெளி வீட்டுக்கு வந்தார்.

"எங்கயோ ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிடும்மா. அவரு மறந்துடுவாரு. எனக்கும் அங்க வேல பாக்க மொகம் வேணும்ல?"

"நீ அங்கதான நின்னுக்கினு இருந்த? நீ பாத்தியா இல்லியா, அத சொல்லு" என்றார் அக்கா.

"நான் கவனிக்கலம்மா."

"அப்ப டீய குடிச்சிட்டு கெளம்பு."

அவர் தேநீரைக் குடிக்காமலே போனார்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. சாதாரண வலி என்று இருந்துவிட்டோம். புற்று என்று தெரிந்தபோது கல்லீரல்வரை பரவியிருந்தது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கிருந்து வீட்டுக்காரரின் தெரு நடக்கும் தூரம்தான். அவர் வரவில்லை. பெரியண்ணனும் வரவில்லை, முதலாளி வீட்டு வேலை ஓயவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

யூசுப் பாய் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அம்மா, அன்னிக்கு காரை இழுத்துக்கினு வந்தப்ப நான் பின்னால நடந்து வந்தேன். அந்தப் பையன் எறங்கறதுக்கு முன்னாடி மீட்டருக்குப் பின்னால கைய விட்டுத் திருகினான். ரெண்டாவது முள்ளு ஒம்பதாயிரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு, நான் பாத்தேன். அன்னிக்கு அங்க சொல்ல தைரியம் வரல. அப்பறம் அவங்க வீட்டுலயே மொதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நாலு பேரு இருந்தாங்க. இனிமே இந்தப் பக்கம் வராதேன்னுட்டாரு."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எஞ்சினத் தொறந்து பாத்தாங்களா பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்பது போலிருந்தது. அக்கா விடவில்லை. "சொல்லுங்க பாய்."

"எடைக்குப் போட்டுட்டாங்கம்மா. புதுப்பேட்டை காயலாங்கடையில கேட்டுப் பாத்தேன், உருக்கப் போயிடுச்சுன்னாங்க. காருல இப்ப ஏதோ சாதா எஞ்சின் மாட்டிக்கீறாங்க. பழைய கார் ஊர்வலத்துக்கு அது போதுமாம்."

"புளாக்குதான பொளந்துது? ஹெட்டு நல்லாதான இருந்திருக்கும்" என்றார் அக்கா. "ஹெட்ட மட்டுமாவது எடுத்து வெச்சிருக்கலாமே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அப்பா இறந்தபோதும் அம்மா இறந்தபோதும் எங்களையெல்லாம் தாங்கி நின்ற அக்கா, அன்று ஓர் அலுமினிய வார்ப்புக்காக வாய்விட்டு அழுதார். செவிலியர் ஓடிவந்து வலி அதிகமாகிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு அக்கா காரைப் பற்றிப் பேசவில்லை. பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் கொடுத்தபோது, பகையாளிகளை மன்னித்துவிட்டீர்களா அம்மா என்று கேட்டார். "முயற்சி பண்றேன் ஃபாதர்" என்றார் அக்கா. முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. சில நாட்களில் என் மனைவியின் மடியில் தலைவைத்தபடி உயிர் பிரிந்தது.

அடக்கத்தன்று அடையாறு வீட்டிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு மலர் வளையம் வந்தது. 'எங்கள் குடும்ப நண்பருக்கு' என்று எழுதியிருந்தது. பெரியண்ணன்தான் அதைத் தூக்கி வந்தார். கல்லறைத் தோட்டத்தில் அதைப் பெட்டியின்மேல் வைக்கப் போனவரை நான் தடுத்தேன். உங்களில் பலர் முகம் சுளித்தீர்கள். துக்க வீட்டில் இப்படியா என்று கேட்டீர்கள். இந்தக் கட்டுரைதான் அதற்கு என் பதில்.

நிறைவாக, நன்றி சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. அக்காவின் வலியைத் தங்கள் வலியாக நினைத்துப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த மந்தைவெளி அண்டை வீட்டாருக்கும், அம்பத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து பெட்டியைத் தோளில் சுமந்த அக்காவின் பழைய சோதனைப் பிரிவுத் தோழர்களுக்கும், தன் பிழைப்புப் போகும் என்று தெரிந்தும் கண்ணால் கண்டதைச் சொன்ன யூசுப் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இப்படிப்பட்ட மலர்களில், யாரையேனும் குறிப்பிட மறந்திருந்தால் பொறுத்தருளும்படி கேட்டுக்கொள்வார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. நான் யாரையும் மறக்கவில்லை.

அன்புத் தம்பி,
மந்தைவெளி, சென்னை